அடுத்த புதன் வண்டி

செய்தி வந்தபோது நான் சாக்ஸ் காயவைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் மலை முகாமில் முப்பது பேருக்கு ஒரே ஒரு பெரிய மண்ணெண்ணெய் அடுப்பு. அதைச் சுற்றிக் கட்டிய கம்பியில் சாக்ஸ் தொங்கவிட ஆளுக்கு ஒரு நேரம் உண்டு. என் நேரம் மாலை நாலு மணி. அதை விட்டால் மறுநாள் முழுக்க ஈரக் காலோடு பனியில் நிற்க வேண்டியதுதான். அதனால் சிக்னல் அறையிலிருந்து கடிகாரம் வந்து என் பக்கத்தில் நின்றபோதுகூட நான் கம்பியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கடிகாரம் என்பது சிக்னல் அறைக்காரருக்கு நாங்கள் வைத்த பேர். ஞாயிற்றுக்கிழமைகளில் சிக்னல் அறையிலிருந்து வீட்டுக்குப் பேசலாம். ஆளுக்கு ஐந்து நிமிஷம். அவர் பக்கத்திலேயே காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஐந்தாவது நிமிஷம் முடிந்ததும் விரலை வைத்து அமுக்கிவிடுவார். பிள்ளை இப்போதுதான் ஃபோனை வாங்குகிறது என்று கெஞ்சினாலும் நடக்காது. கல்நெஞ்சக்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். அவர் அன்று தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். ஒரு தாளை நீட்டினார்.

'அம்மா கவலைக்கிடம். உடனே புறப்படவும்.' கீழே தம்பியின் பெயர்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்க முடியவில்லை. கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டேன். தோள் குலுங்கியது. கடிகாரம் என் தோளில் கை வைத்து அழுத்தினார். "மனசை விட்டுடாதீங்க. ஒண்ணும் ஆகாது" என்றார். அந்த மனிதர் ஒருவரிடம் ஆறுதலாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. துண்டுக்குள் என் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன்.

ஏனென்றால் அந்த வாக்கியம் என்னுடையது. மூன்று வருஷத்துக்கு முன்னால், என் கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது, எல்லோருடைய லீவையும் ரத்து செய்தார்கள். எங்கள் சட்டப் புத்தகத்தில் கல்யாணம் அவசரமில்லை. பெற்றவர்கள் சாகக் கிடந்தால்தான் அவசரம். அப்போது நான் செல்ஃபோனுக்கு டவர் கிடைக்கிற இடத்தில் இருந்தேன். தம்பியைக் கூப்பிட்டு, படைவீரர் நல அலுவலகத்துக்குப் போய் இப்படி ஒரு செய்தி அனுப்பச் சொல் என்று நாலே வார்த்தை சொன்னேன். நீளமாகச் சொன்னால் உளறிவிடுவான். அவன் ஒரு மருந்துக்கடை ரசீதின் பின்பக்கம் எழுதிக்கொண்டு, என்னிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினான். மூன்றாம் நாள் நான் ஊர் ஸ்டேஷனில் இறங்கினேன். கவலைக்கிடமாக இருந்த அம்மா பிளாட்பாரத்தில் நின்றிருந்தாள். என் இரும்புப் பெட்டியைப் பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "என்னடா இப்படி மெலிஞ்சு போய்ட்ட" என்றபடி எனக்கு முன்னால் நடந்தாள்.

அம்மா ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷம் வார்டு ஆயாவாக வேலை பார்த்தவள். எந்த நோய்க்கு எப்படி மூச்சு வாங்கும், எங்கே வேர்க்கும் என்று டாக்டர்களைவிட நன்றாகச் சொல்வாள், நடித்தும் காட்டுவாள். பழகிய டாக்டர் ஒருவரிடம் பேசிச் சான்றிதழும் அவளேதான் வாங்கித் தந்தாள். "நெஞ்சு வலின்னு மட்டும் எழுதினா யாரும் நம்ப மாட்டாங்க. இடது கை மரத்துப் போச்சுன்னு சேர்த்துக்கங்க" என்று அவருக்கே பாடம் எடுத்தாளாம். 

ஏழு மாதத்துக்கு முன்னால் லீவில் போயிருந்தபோது இரண்டாவது தடவைக்கான திட்டத்தைப் போட்டோம். மனைவிக்கு அப்போது இரண்டாம் மாதம். முதல் பிரசவத்தில் குழந்தை தங்கவில்லை. அந்தச் சேதி எனக்கு வந்து சேரவே பதினைந்து நாள் ஆயிற்று. நான் வீட்டுக்குப் போனது நாற்பது நாள் கழித்து. கதவைத் திறந்துவிட்டு அவள் என்னை யாரோ வழி கேட்டு வந்தவனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அதை நான் இன்றுவரை மறக்கவில்லை. இந்தத் தடவை அவள் பக்கத்தில் இருந்தே தீருவது என்று எனக்குள் சத்தியம் பண்ணியிருந்தேன். ஆனால் லீவுப் பட்டியலில் என் முறை பனி உருகிய பிறகு. பிரசவம் இருபத்து நாலாம் தேதி. பிரசவம் ஒரு நோயில்லை என்பது எங்கள் கேப்டனின் கொள்கை.

"அதனால என்ன? நான் படுத்துக்கறேன்" என்றாள் அம்மா. சமையலறையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "போன தடவை நெஞ்சு. இந்தத் தடவை மூளையில ரத்தக் கசிவுன்னு வச்சுக்கலாமா? மரியாதையா இருக்கும்."

மனைவி சிரித்தாள். எனக்கும் சிரிப்புதான். தம்பி மட்டும், "அம்மா, வாயைக் கழுவும்மா" என்றான். அவன் எப்போதும் அப்படி. எதற்கும் பயம், எதற்கும் அவசரம். பத்து மணி ரயிலுக்கு ஆறு மணிக்கே ஸ்டேஷனில் போய் உட்கார்ந்திருப்பவன்.

நாள் குறிப்பதுதான் முக்கியம். அவசர லீவு மொத்தமே பத்து நாள். வண்டியும் பஸ்ஸும் ரயிலுமாகப் போக மூன்று, வர மூன்று. கையில் நிற்பது நாலு நாள். பனிக்காலத்தில் எங்கள் முகாமிலிருந்து புதன்கிழமை மட்டும்தான் வண்டி இறங்கும். மற்ற நாளில் சாலை மூடிக் கிடக்கும். ஆகவே பதினெட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை செய்தி வர வேண்டும். பத்தொன்பது புதன் வண்டியில் ஏறினால் இருபத்திரண்டாம் தேதி வீடு. சுவரில் தொங்கிய காலண்டரில் அம்மா பதினெட்டைச் சுற்றிக் கண்மையால் ஒரு வட்டம் போட்டாள். ஃபோனில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது, பக்கத்தில் ஆள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான் என்று மூவரிடமும் படித்துப் படித்துச் சொன்னேன். எல்லாவற்றையும் யோசித்தோம். செய்தி உண்மையாகவும் வரலாம் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

இப்போது வந்திருக்கும் செய்தியின் தேதி பதினொன்று. ஒரு வாரம் முன்னால். தம்பி கோட்டை விட்டுவிட்டான். செவ்வாய் என்று சொன்னதை எந்தச் செவ்வாயோ என்று பிடித்துக்கொண்டிருப்பான். இரண்டு நாள் முன்புதான், ஞாயிற்றுக்கிழமை, அம்மாவோடு பேசியிருந்தேன். கணீரென்ற குரலில், "நான் ரெடியாதான்டா இருக்கேன்" என்றாள். பக்கத்தில் மனைவி களுக்கென்று சிரித்தது எனக்கே கேட்டது. நாளைக் காலை வண்டியில் கிளம்பினால் பதினைந்தாம் தேதி வீட்டில் இருப்பேன், பத்தொன்பதாம் தேதி திரும்ப வேண்டும். குழந்தை பிறக்கும்போது மறுபடியும் இந்த அடுப்படியில் நின்று சாக்ஸ் காயவைத்துக்கொண்டிருப்பேன். சிரிப்பு அடங்கி எரிச்சல் வந்தது.

கேப்டன் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர்தான், விறைப்பு அதிகம். நாளைய வண்டியில் ஒரு இடம்தான் இருக்கிறது, அது சமையல்காரர் முறை லீவில் போவதற்காக வைத்தது, அவரை நிறுத்திவிட்டு உன்னை அனுப்புகிறேன் என்றார். நான் விறைப்பாக நின்றேன். என்ன பேசுவது என்று அவர் அறைக்கு நடந்து வரும்போதே யோசித்து வைத்திருந்தேன்.

"வேண்டாம் சார். அவர் லீவு ஏற்கெனவே ரெண்டு தடவை தள்ளிப் போயிருக்கு. அம்மாவைப் பாத்துக்க என் தம்பி இருக்கான். நான் அடுத்த புதன் வண்டியில போறேன் சார்."

கேப்டன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "யோசிச்சுதான் சொல்றியா?"

"யோசிச்சுட்டேன் சார்."

அன்று மாலை வரிசையில் நின்றபோது அவர் எல்லோர் முன்னாலும் என்னைப் பற்றி இரண்டு நிமிஷம் பேசினார். சொந்த வேதனையை ஒதுக்கிவிட்டுச் சக வீரனுக்கு விட்டுக்கொடுத்தவன் என்றார். காது கூசியது. ஆனால் பொய் சொல்வானேன், ஒரு ஓரத்தில் பெருமையாகவும் இருந்தது. சமையல்காரர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். "உங்க அம்மா நூறு வயசு இருப்பாங்க" என்றார். காலையில் அவர் மூட்டையைத் தூக்கி வண்டியில் வைத்ததே நான்தான். பனியில் வண்டி வளைந்து இறங்கி மறையும்வரை கையசைத்தேன்.

அந்த நான்கு நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். இதையும் சொல்லியாக வேண்டும். காவலுக்கு நிற்கும்போது குழந்தைக்குப் பேர் யோசித்தேன். எங்கள் எல்லோருக்கும் குளிரில் உள்ளங்கை வெடித்துப் பாளம் பாளமாக இருக்கும். அந்தக் கையால் பிறந்த குழந்தையைத் தூக்கினால் கீறிவிடுமே என்று மருந்துப் பெட்டியிலிருந்து வாசலின் டப்பாவை வாங்கிவந்து காலையும் மாலையும் அழுத்தித் தேய்த்தேன். யாராவது பார்த்தால் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வேன். அம்மா சாகக் கிடப்பவன் அல்லவா. எனக்காக மற்றவர்கள் காவல் நேரத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். சாக்ஸ் காயவைக்கும் கம்பியில் எனக்கு நல்ல இடம் விட்டார்கள். அதையெல்லாம் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினாறாம் தேதி. சிக்னல் அறை வாசலில் பதினோரு பேர் நின்றிருந்தார்கள். என்னை முன்னால் போகச் சொல்லி ஒதுங்கினார்கள். கடிகாரம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார். முதல் மணியிலேயே மனைவி எடுத்துவிட்டாள்.

"எங்க இருக்கீங்க? ஸ்டேஷன் வந்தாச்சா?"

"இல்லம்மா. முகாம்லதான் இருக்கேன்."

"முகாம்லயா?"

அவளுக்கு நேரடியாக எதையும் விளக்க முடியாது. கடிகாரத்தின் காது என் வாயருகில் இருந்தது. குரலைத் தழுதழுக்க வைத்துக்கொண்டேன். "அம்மா எப்படி இருக்காங்க? டாக்டர் என்ன சொல்றாரு?"

"நினைவு வந்து வந்து போகுதுங்க. நினைவு வரும்போதெல்லாம் நீங்க வந்தாச்சான்னுதான் கேக்கறாங்க. புதன்கிழமையே வண்டி ஏறிட்டாருன்னு சொல்லி வச்சிருக்கேன். நேத்துலேர்ந்து கதவையே பாத்துட்டு இருக்காங்க."

என் மனைவிக்கு இத்தனை திறமை இருப்பது தெரியாமல் போய்விட்டதே என்று நினைத்தேன். ஆம், அப்படித்தான் நினைத்தேன். குரல் எவ்வளவு அழகாகக் கம்முகிறது, எந்த இடத்தில் நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்துகிறாள். அம்மா கூடவே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறாள் போலிருக்கிறது என்று எண்ணி, உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டேன்.

"பயப்படாதே. அடுத்த புதன் வண்டியில வந்துடறேன்" என்றேன். பிறகு, அவளுக்குப் புரியட்டும் என்று அழுத்தி, "சரியா இருபத்திரண்டாம் தேதி அங்க இருப்பேன்" என்றேன்.

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"அடுத்த புதனா" என்றாள்.

ஃபோன் தம்பி கைக்கு மாறியது. அவனை ஒரு பிடி பிடிக்க வேண்டும் என்று காத்திருந்தேன். "என்னடா, உனக்கு எப்பவும் எல்லாமே அவசரம்தானா?"

"அண்ணா, நெஜம்ணா."

கல்யாண சமயத்தில் இவன் ஃபோனில் பேசியது எனக்கு நன்றாக நினைவிருந்தது. பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிப்பது போல ஒரே மூச்சில் ஒப்பித்தான். நடிப்பு என்பதே அவனுக்கு வராது. இப்போது அவன் ஒப்பிக்கவில்லை.

"என்னடா சொல்ற?"

"அது இல்லண்ணா. இது நெஜமாவே. செவ்வாக்கிழமை காலைல துணி காயப்போடப் போனவங்க அப்படியே விழுந்துட்டாங்க. ஒரு பக்கம் முழுக்க வரல. நல ஆபீஸ்ல என்ன செய்தி அனுப்பணும்னு கேட்டாங்க. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. பர்ஸ்ல அந்த மருந்துக்கடைச் சீட்டு இருந்துச்சு. அப்படியே எடுத்துக் குடுத்துட்டேன். நீ ஏண்ணா வரல?"

அறையில் அடுப்பு கிடையாது, இருந்தாலும் எனக்குக் கழுத்தோரம் வேர்த்தது. நான் திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தேன். எல்லாம் கேட்டிருப்பார். 'அது' எது, 'இது' எது என்பதும் அவருக்குப் புரிந்திருக்கும். அவர் என்னைப் பார்க்கவில்லை. மணிக்கட்டிலிருந்து கைக்கடிகாரத்தை மெதுவாக அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அம்மாகிட்ட குடு" என்றேன்.

ஃபோனை எதன்மீதோ உரசிக் கொண்டுபோய் வைக்கும் சத்தம். பிறகு மூச்சு. உள்ளே போகும்போது ஒரு விதமாகவும் வெளியே வரும்போது இன்னொரு விதமாகவும், நடுவில் சளி தடுக்குகிற மூச்சு. இதை அவள் ஒருநாளும் நடித்துக் காட்டியதில்லை. அவளுக்குத் தெரிந்த நோய்களின் வரிசையில் இது இருந்திருக்கும். எங்களைப் பயமுறுத்த வேண்டாம் என்று விட்டிருப்பாள்.

"அம்மா. நான்தான்மா. கிளம்பிட்டேன்மா. வண்டியிலதான் இருக்கேன். பாதி வழி வந்தாச்சு."

மூச்சு ஒரு கணம் நின்று மறுபடி வந்தது. அவளுக்குக் கேட்டதா, இல்லை அது பாட்டுக்கு நின்றதா, தெரியவில்லை. "பாதி வழி வந்தாச்சும்மா" என்றே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிஷம் எப்போதோ தாண்டியிருக்கும். வாசலில் நின்ற பதினோரு பேரில் ஒருவன்கூடக் குரல் கொடுக்கவில்லை. கடைசியில் லைன் தானாகவே அறுந்தது. அன்று மதியத்திலிருந்து பனிக்காற்று ஆரம்பித்திருந்தது.

கேப்டனிடம் ஓடினேன். இப்போதே இறங்க வேண்டும் என்றேன். அவர் ஜன்னலைக் காட்டினார். வெளியே கொடிக்கம்பம்கூடத் தெரியவில்லை. "பாதை வெட்டுற வண்டி செவ்வாய்க்கிழமைதான் மேல வரும். உனக்கே தெரியும்" என்றார். எழுந்து வந்து என் முதுகில் தட்டினார். "அன்னிக்கே போயிருக்கலாம் நீ. உன்னை மாதிரி மனசு எத்தனை பேருக்கு வரும்?" அவரிடம் உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். சொன்னால் லீவே போய்விடும் என்ற பயம் அப்போதும் முந்திக்கொண்டது. "ஆமா சார்" என்றேன். எதற்கு ஆமாம் என்று எனக்கே தெரியவில்லை.

திங்களும் செவ்வாயும் லைன் வரவில்லை. கடிகாரம் மணிக்கொரு தடவை கருவியை மாட்டிக்கொண்டு கூப்பிட்டுப் பார்த்தார். நான் வாசலில் நிற்பேன். அவர் தலையை மட்டும் அசைப்பார். செவ்வாய்க்கிழமை மாலை என் சாக்ஸை அவரே கொண்டுபோய்க் காயவைத்திருந்தார். "நான் எதையும் கேக்கல" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு. பதினெட்டாம் தேதி. வீட்டுக் காலண்டரில் கண்மை வட்டத்துக்குள் இருக்கும் நாள். எந்தச் செய்தியும் வரவில்லை.

புதன்கிழமை வண்டி வந்தது. திட்டம் போட்ட அதே நாள், அதே வண்டி. லீவுப் படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில் 'அம்மா கவலைக்கிடம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பேனா தடுமாறவே இல்லை. டிரைவர் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். டிரைவர் வெற்றிலைக் காவி ஏறிய பல்லோடு எப்போதும் ஏதாவது பேசிக்கொண்டே வருகிற ஆள். பன்னிரண்டு வருஷமாக இதே சாலையில் ஏறி இறங்குகிறவர். மூன்றாவது வளைவு தாண்டியதும் என் படிவத்தை எட்டிப் பார்த்தார்.

"அம்மாவா?"

"ஆமா."

அவர் கண்ணைச் சிமிட்டினார். "எல்லாருக்கும் அம்மாதான். இந்தப் பன்னெண்டு வருஷத்துல சாகக் கிடக்கற அம்மாவைப் பாக்கறதுக்குன்னு எத்தனை பேரை இறக்கி விட்டிருப்பேன் தெரியுமா? ஒரு நூறு நூத்தம்பது பேர் இருக்கும். ஒரு அம்மாகூடச் சாகல. திரும்பி வரும்போது ஒவ்வொருத்தன் கையிலயும் பலகாரப் பொட்டலம்."

"ஒருத்தங்ககூடவா?" என்றேன்.

"ஒருத்தங்ககூட."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அவர் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. கியரை மாற்றினார். வாசலின் தேய்த்துத் தேய்த்து என் கைகள் வெடிப்பெல்லாம் மூடி மெத்தென்று ஆகியிருந்தன. அவற்றை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டேன். சாலையோரம் ஃபோன் கம்பங்கள் பனியில் பாதி புதைந்து கூடவே இறங்கி வந்தன. ஓரிடத்தில் கம்பி அறுந்து தொங்கியது. லைன்மேன் ஒருவர் கம்பத்தின் மேலே ஏறி, இடுப்புப் பட்டையில் சாய்ந்தபடி, அறுந்த முனைகளை ஒரு கைக்கு ஒன்றாகப் பிடித்திருந்தார். இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தார். நான் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். வண்டி வளைவில் திரும்பியது.